குத்துமதிப்பு

"ஒரு நம்பர் குடுங்க."

"என்ன நம்பர்?"

"குளிர் ரூமுக்குள்ள இருக்கிற குழாய்ல கேஸ் எத்தனை டிகிரில கொதிக்கும்? குத்துமதிப்பா சொல்லுங்க போதும்."

"அதைத்தானே உன் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கப் போகுது? விடையை என்கிட்டயே கேட்டுட்டா அப்புறம் உனக்கு எதுக்குச் சம்பளம்?"

"விடையைக் கேக்கலைங்க. ஆரம்பிக்க ஒரு இடம் கேக்கறேன். எங்கேயாவது நின்னாத்தானே அங்கேருந்து நடக்க முடியும்?"

"தப்பா சொல்லிட்டா?"

"தப்பா இருந்தா பரவாயில்ல, திருத்திக்கலாம். சொல்லாமலே இருந்தாத்தான் கஷ்டம்."

"அப்படின்னா மைனஸ் ஏழு. வெச்சுக்கோ கணக்குப்பிள்ள, என்னோட அன்பளிப்பு."

அவர்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். காதல் வசனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்று மாலை அவளுடைய கம்ப்யூட்டர் மைனஸ் எட்டு சொச்சத்தில் வந்து நின்றபோது, ஏதோ பெரிய ரகசியம் பகிர்ந்துகொண்டவர்கள்போல இருவரும் சிரித்துக்கொண்டார்கள். 'கணக்குப்பிள்ளை' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. கல்யாணமான பிறகும் அவன் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

காய்கறி, மருந்து, பூ என்று கெட்டுப்போகிற எதையும் கெடாமல் காக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கு இயந்திரம் வடிவமைக்கிற கம்பெனி அது. அவன் கிடங்குகளுக்கே போய் இயந்திரத்தை ஓட்டிக் காட்டிவிட்டு வருகிற இன்ஜினீயர். அவள், இயந்திரம் பிறப்பதற்கு முன்பே அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவள். அவள் இன்னும் அதே கம்பெனியில், அதே ஜன்னலோர மேஜையில்தான் இருந்தாள். அவன்தான் இல்லை. கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில், கப்பலில் வரும் பழங்களை வைக்கப் பெரிய கிடங்கு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பொறுப்பாக அவனைக் கூப்பிட்டார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எவனும் விடமாட்டான், அவனும் விடவில்லை. வருடத்துக்கு ஒரு முறை வருவான். வந்த அசதி தீர்வதற்குள் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும்.

இப்போது அந்த ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருடம் இரு என்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"என்ன சொல்லட்டும்?" என்று அவன் போனில் கேட்டிருந்தான்.

"உங்க இஷ்டம்," என்றாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன? வேலை இருக்கு, வீடு இருக்கு."

வந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. அவன் புறப்பட்ட நாளிலிருந்தே அந்த ஆசை இருக்கிறது. நாக்கு நுனி வரைக்கும் வரும். பல்லைப் பார்த்ததும் கூச்சப்பட்டு உள்ளே ஓடிவிடும். காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமான புதிதில் மேற்படிப்புக்காக அவள் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய் இரண்டு வருடம் தங்கினாள். ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை ஏற்றிவிட்டவன் அவன்தான். அந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட 'எப்ப வர்ற' என்று அவன் கேட்டதில்லை. அதைப் பெருந்தன்மை என்று அவள் தோழிகளிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டாள். பிறகு எப்போதோ ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, இன்னொன்று தோன்றியது. நான் இல்லாமல் இருப்பது அவருக்கு ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லையோ? தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை. மடித்த துணியோடு சேர்த்து உள்ளே வைத்துவிட்டாள். அவர் கேட்காததை நான் மட்டும் எந்த முகத்தோடு கேட்பது?

அந்த வாரம் அவள் கையில் இருந்த வேலை பார்ப்பதற்குச் சின்னது. ஒரே இயந்திரம், இரண்டு அறைகள். ஒரு அறை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே. இன்னொன்று கட்டடத்தின் அந்தக் கோடியில், நீளமான குழாய்க்கு அப்பால். இயந்திரத்திலிருந்து கிளம்பும் குளிரூட்டும் கேஸ் இரண்டாகப் பிரிந்து, இரண்டு அறைகளின் சூட்டையும் அள்ளிக்கொண்டு வந்து, வெளியே கொட்ட வேண்டும். எந்த அறைக்கு எவ்வளவு கேஸ் போகும், எந்த அறை எத்தனை டிகிரியில் நிற்கும் என்பதுதான் கேள்வி.

கேள்வி எளிது, பதில்தான் பிடிகொடுக்காது. கேஸின் அளவு தெரிந்தால் அழுத்தம் தெரியும். அழுத்தம் தெரிந்தால்தான் கேஸின் அளவு தெரியும். நேர்கோட்டில் போகிற சமன்பாடுகள் இல்லை இவை. ஒன்றைத் தொட்டால் எல்லாம் வளையும். இப்படிப்பட்ட கணக்கை நேராகத் தீர்க்க வழி கிடையாது. புது ஊரில் ஹோட்டல் அறைக் குளியலறையில் வெந்நீர்க் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் மாற்றி மாற்றித் திருகுகிறோமே, அதே வித்தைதான். முதலில் குத்துமதிப்பாக ஒரு திருகு. கை வைத்துப் பார். சுட்டால் இந்தப் பக்கம் கொஞ்சம், சில்லென்றால் அந்தப் பக்கம் கொஞ்சம். எவ்வளவு தவறினோம், எந்தத் திசையில் தவறினோம் என்பதுதான் அடுத்த எட்டை எங்கே வைப்பது என்று சொல்லித்தரும். முதல் திருகு ஓரளவு சரியாக இருந்தால் நாலைந்து எட்டில் விடை. கன்னாபின்னாவென்று இருந்தால் உடம்பு வெந்துபோகும்.

அவளுக்கு வெந்துதான் போனது. ஒரு சமன்பாட்டில், தூரத்து அறைக்குப் போகும் கேஸின் அளவால் வகுக்க வேண்டியிருந்தது. கணக்கு அலைந்து திரிகிறபோது அந்த அளவு எங்காவது பூஜ்யத்தை நெருங்கிவிடும். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் எந்தப் புரோகிராமுக்கும் பித்துப் பிடித்துவிடும். திரையில் சிவப்பாக நாலு வரி கத்திவிட்டு நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினாள். மறுபடி கத்தியது. மேனேஜர் வேறு இரண்டு தரம் வந்து, ஒன்றும் கேட்காமல், தொண்டையைக் கனைத்துவிட்டுப் போனார்.

வகுக்கிறதால்தானே இந்தச் சண்டை, வகுக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தாள். சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் அதே கேஸின் அளவால் பெருக்கி எழுதினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற வேலைதான். கீழே இருந்தது மேலே வந்தது. கூர்மையாக இருந்த இடம் வழவழவென்று ஆனது. ஓட்டினாள். சத்தமே இல்லை. பச்சை எழுத்தில் 'விடை கிடைத்தது, பிழை பூஜ்யம்' என்று வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அவள் காபியைச் சூடாகக் குடித்தாள். அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

பக்கத்து மேஜைக்காரருக்கு அலுவலகத்தில் 'புலம்பல்' என்று பெயர். நாற்காலி சரியில்லை, முழங்கால் சரியில்லை, காலம் சரியில்லை என்று ஓயாமல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கண் கழுகுக்கண். அவளுடைய தாளை எட்டிப் பார்த்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, அந்தக் கோடி ரூம்ல என்ன வைக்கப் போறாங்க?"

"காய்கறிண்ணா."

"காய்கறியா? துணி காயப்போடத்தான் கட்டறாங்களோன்னு நினைச்சேன். வெளியில முப்பத்திமூணு டிகிரி, ரூமுக்குள்ளயும் முப்பத்திமூணு. கதவைத் திறந்தா என்ன, சாத்தினா என்ன?"

அவள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். முதல் அறை ஜம்மென்று நாலு டிகிரியில் இருந்தது. கேஸ் முழுவதும் அங்கேதான் போயிருந்தது. தூரத்து அறைக்குப் போன கேஸ், பூஜ்யம். ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு அறை. சுவர் இருந்தது, கதவு இருந்தது, குழாய்கூடப் போய்ச் சேர்ந்திருந்தது. குழாய்க்குள் ஒன்றும் ஓடவில்லை.

"ஆனா பிழை பூஜ்யம்னு காட்டுதேண்ணா?"

"அதுதாம்மா வயித்தெரிச்சல். தப்பு இருந்தா கத்தித் தொலைக்கணும். இது என்னடான்னா சமத்துப் பிள்ளை மாதிரி உக்காந்திருக்கு. எங்க வீட்ல ரெண்டாவது பையனும் இப்படித்தான், கேட்டா எல்லாம் சரிம்பான், மார்க் வந்தாத்தான் தெரியும்..." புலம்பல் தன் வழக்கமான பாதையில் ஏறிவிட்டார். அவள் காதில் எதுவும் விழவில்லை. எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் தப்பாக அடிக்கவில்லை. எல்லாச் சமன்பாடும் சரியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பூட்டைத் திறந்து, வெளிச்சம் போட்டாள். காலையில் நாற்காலியில் போட்ட துண்டு போட்ட இடத்திலேயே கிடந்தது. தனியாக இருக்கிற வீட்டில் பொருள்கள் நகர்வதே இல்லை. வைத்தது வைத்தபடி நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். அவன் இருந்தால் சாவியைத் தேடவே தினம் கால்மணி நேரம் ஆகும். இப்போது சாவி எப்போதும் ஆணியில். ஏசி ரிமோட்டும் அவள் கையில். அவனுக்கு இருபத்திரண்டு, அவளுக்கு இருபத்தேழு. குளிர்ச்சியையே பிழைப்பாக வைத்திருக்கும் இரண்டு பேர் படுக்கையறையில் ஐந்து டிகிரிக்காக அடித்துக்கொண்டதைக் கேட்டு நாத்தனார் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவன் போன அன்றைக்கே இருபத்தேழு வைத்துக்கொண்டு படுத்தாள். ஜெயித்த சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அவனுடைய பாதிக் கட்டிலில் இப்போது இஸ்திரி போட வேண்டிய துணி அடுக்கிக் கிடக்கிறது.

தோசைக்கல்லில் இரண்டு துண்டு ரொட்டியை வாட்டித் தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"சாப்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. வெயிலா அங்க?"

"வெயில்தான். அங்க?"

"இங்க காத்து."

"சரி."

"வேலை எப்படிப் போகுது?"

"போகுது. உங்களுக்கு?"

"போகுது."

அவன் தொண்டையைச் செருமினான்.

"நாளைக்குப் பதில் சொல்லணும்."

"ம். யோசிச்சு முடிவு பண்ணுங்க."

"பண்றேன். சரி, வெக்கட்டுமா?"

"வெச்சிடுங்க."

எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. போனை வைத்துவிட்டு அவள் மிச்ச ரொட்டியைப் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது. சாப்பிடாமலே தட்டைக் கழுவி வைத்தாள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஒரு நடுக்கத்தோடு ஓட ஆரம்பித்தது. உள்ளே ஒரு தயிர்க் கிண்ணமும் மூன்று முட்டையும் பாதி எலுமிச்சம்பழமும். இதற்குப் போய் இவ்வளவு உழைக்கிறாயே என்று அதைப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்குள் அவள் வாய்விட்டுச் சொன்ன ஒரே முழு வாக்கியம் அதுதான்.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மேலே ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவள் டிபன் டப்பாவைத் திறக்காமல், பெருக்கி எழுதிய அந்தச் சமன்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

இரண்டு பக்கமும் கேஸின் அளவால் பெருக்கினாளே, அந்த அளவே பூஜ்யமாகிவிட்டால்? இந்தப் பக்கமும் பூஜ்யம், அந்தப் பக்கமும் பூஜ்யம். சமம்தான், ஆட்சேபணையே இல்லை. அறை எத்தனை டிகிரியில் வெந்தாலும் சமன்பாட்டுக்குத் திருப்திதான். முன்பு அது கத்தியது ஏன்? 'அந்த அறைக்கு ஒன்றும் போகவில்லை, இப்படி ஒரு விடை கிடையாது' என்றுதான் கத்தியது. கத்தல் பொறுக்காமல் அவள் பூசி மெழுகினாள். மெழுகிய தரையில் புரோகிராம் வழுக்கிக்கொண்டு போய், எதுவுமே நடக்காத இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டது.

நேற்றைய போன் நினைவுக்கு வந்தது. அப்புறம், அவன் போன முதல் வருடத்தில் வந்த ஒரே சண்டை. "எப்ப கூப்பிட்டாலும் பின்னாடி மெஷின் சத்தம்தான் கேக்குது, உங்க குரல் எங்க போச்சு?" என்று வெடித்துவிட்டாள். அவனும் வெடித்தான். சில நாள் பேச்சு வார்த்தை இல்லை. அந்த நாட்களில் பட்ட பாட்டில், இனி இப்படி ஆகவே கூடாது என்று தீர்மானித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவனிடம் பேசுகிற எதிலும் முனை வைக்கவில்லை. ஏன் வரவில்லை, எப்போது வருவீர்கள், எனக்கு என்னவோபோல் இருக்கிறது என்றெல்லாம் வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினாள். அதன் பிறகு ஒரு தடவைகூடச் சண்டை வரவில்லை.

அடி பைத்தியமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சமன்பாட்டைப் பழையபடி வகுத்தலோடு எழுதினாள். ஓட்டினால் கத்தும் என்று தெரியும், ஓட்டினாள், கத்தியது. இனி ஒரே வழிதான். தூரத்து அறைக்கு எவ்வளவு கேஸ் போகும் என்று உண்மைக்குக் கிட்டத்தட்ட ஒரு எண்ணில் ஆரம்பிக்க வேண்டும். இப்படி நீளக் குழாய் போட்ட பழைய வேலை எதுவும் அவளிடம் இல்லை. இதையெல்லாம் ஓட்டிப் பார்த்த ஒரு ஆளைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு ஆள் இருந்தான். அவனிடம் அவள் எதையும் கேட்டு வெகுகாலமாகிவிட்டது.

அவன் இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் அதே மெஷின் சத்தம். "என்ன ஆச்சு? இந்நேரத்துல கூப்பிடற? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் ஆகலை. ஒரு நம்பர் வேணும்."

"என்னது?"

"நம்பர். ஒரு மெஷின், ரெண்டு ரூம். ஒண்ணு பக்கத்துல, ஒண்ணு கோடியில. கோடி ரூமுக்கு மொத்த கேஸ்ல எத்தனை பங்கு போகும்? குத்துமதிப்பா சொல்லுங்க."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. முன்பெல்லாம் கேட்ட சிரிப்பு.

"இன்னும் உனக்குச் சம்பளம் குடுக்கறாங்களா அங்க?"

"குடுக்கறாங்க. நீங்க நம்பரைக் குடுங்க."

"பாதி போடு."

அவள் போட்டாள். "கத்துதுங்க."

"உன் கணக்கு என்ன, கைக்குழந்தையா? எதுக்கெடுத்தாலும் கத்துது. குழாய் எவ்வளவு நீளம்?"

சொன்னாள். வால்வு என்ன சைஸ் என்றான், சொன்னாள். வளைவு எத்தனை என்றான், அதையும் சொன்னாள். "இதை முதல்லயே சொல்ல வேண்டாமா? இவ்வளவு வளைச்சு வளைச்சுப் போனா பாதி எப்படிப் போகும்? எந்த மகராசன் வரைஞ்சது?"

"உங்க பழைய மேனேஜர்தான்."

"அதான பாத்தேன். ஆள் கதவையே வளைச்சு வைப்பார். சரி, மூணுல ஒரு பங்கு போடு."

போட்டாள். கத்தவில்லை. திரையில் பிழை எண் ஒன்று பெரிதாகத் தோன்றி, ஒரு எட்டு வைத்துச் சுருங்கி, மறு எட்டில் இன்னும் சுருங்கியது.

"நடக்குதா?"

"நடக்குது."

"இதெல்லாம் நீ என்கிட்ட கேட்டு எவ்வளவு காலமாச்சு!" என்றான். சிரிப்பு அடங்கியிருந்தது. "சாயங்காலத்துக்குள்ள இவங்களுக்குப் பதில் சொல்லணும், கணக்குப்பிள்ள. என்ன சொல்லட்டும்?"

"உங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். வேறு ஒன்று வெளியே வந்தது. "நான் படிக்கப் போனேன்ல, அந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட வான்னு நீங்க கூப்பிடலையே, ஏன்?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

ஒரு கதவு திறந்து மூடிய சத்தம். மெஷின் சத்தம் நின்றது. இப்போது அவன் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.

"கூப்பிட்டா வந்துடுவியேன்னு பயம்."

"என்னது?"

"படிப்பைப் பாதியில போட்டுட்டு வந்து நிப்ப. அப்புறம் ஆயுசு பூரா என்னைப் பாத்துப் பெருமூச்சு விடுவ. அதுக்குப் பயந்துதான் கேக்கலை. ரெண்டு தரம் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கேன், தெரியுமா? டிக்கெட் கவுன்டர்ல உக்காந்திருக்கிறவன் என்னைப் பாத்து, எங்க சார் போகணும்னான். முழிச்சிட்டுத் திரும்பி வந்துட்டேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ கேக்கலையே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கரித்தது. இத்தனை வருடமாக அந்த இடத்தில் அவள் ஒரு பூஜ்யத்தைப் போட்டு வைத்திருந்தாள். அவளாகவே போட்டது. மேலே மேலே போட்ட கணக்கெல்லாம் அதன் மேல்தான் நின்றது.

திரையில் பிழை எண் கடுகளவாகி, கடுகும் இல்லாமல் போனது. தூரத்து அறை ஐந்து டிகிரியில் வந்து நின்றது. வராந்தாவில் செருப்புச் சத்தமும் புலம்பலின் குரலும் நெருங்கிக்கொண்டிருந்தன, சாப்பாட்டில் உப்பில்லையாம். எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். வந்தால் வரட்டும்.

"இருக்கியா?" என்றான் அவன். "என்ன சொல்லட்டும்னு கேட்டேன்."

அவர் முடியாது என்று சொல்லலாம், பார்க்கலாம் என்று இழுக்கலாம், வந்துவிட்டுப் பிறகு பெருமூச்சும் விடலாம். தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள். "இங்க வந்துடுங்க. எனக்கு நீங்க வேணும்."